துக்கம் விசாரித்த குற்றம்

நாற்பதை எட்டப் போகிற லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, விமானத்தில் ஏற்றி, கண்காணாத தேசத்தில் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? முதல் வாரம் இடுப்பு வலிக்கும். அடுத்த வாரத்திலிருந்து வயிறு எரியும். கரடிக்கு அப்படித்தான் எரிந்தது.

கரடி என்பது கம்பெனி ஆட்கள் வைத்த பேர். காது மடலிலும் முடி, பேச்சிலும் உறுமல். வேறென்ன பேர் வைப்பார்கள்? இனி வருகிற லிஃப்டெல்லாம் கம்ப்யூட்டர் பலகையில் ஓடுகிற ஜாதி. அதைப் படித்துக்கொண்டு வந்தால் சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்று சொல்லி முதலாளி அனுப்பி வைத்திருந்தார். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் பழையபடி லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி, முட்டி போட்டு, கிரீஸ் அப்ப வேண்டியதுதான். அந்த முட்டி இனிமேல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்தாயிற்று. ஆகவே கரடி பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

வகுப்பில் அவரைத் தவிர எல்லாம் மீசை அரும்புகிற வயசு. ஒருவனாவது அண்ணே என்று கூப்பிட வேண்டுமே! பெற்று வளர்த்தவன் மாதிரி பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு மனுஷன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறானே என்ற நினைப்பே இல்லாமல் பொட்டலத்தைப் பிரிப்பான்கள், தான் மட்டும் மெல்லுவான்கள், விரலைச் சூப்புவான்கள், காகிதத்தைக் கசக்கி எறிவான்கள். 'சாப்பிடறீங்களா' என்று ஒப்புக்காவது ஒரு வார்த்தை? கிடையாது. ஒருநாள் எல்லோருக்கும் அவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் ஆளாளுக்குச் சில்லறையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்கள்.

"நான் என்ன டீக்கடையா வெச்சிருக்கேன்?" என்று கரடி உறுமினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர்களுக்கோ, இந்த ஆளுக்கு எதற்குக் கோபம் வருகிறது என்றே விளங்கவில்லை.

வாத்தியார் மட்டும்தான் அவருக்கு அங்கே ஆறுதல். ஒல்லியான மனுஷர், பை நிறைய பேனாவும் டெஸ்டரும். எட்டாவதோடு புத்தகத்தை மூடிய கரடிக்கு வயரிங் படத்தைப் பார்த்தாலே கண்ணைக் கட்டும். மற்றவர்கள் போன பிறகு வாத்தியார் ஒர்க்‌ஷாப்பிலேயே இருந்து, படத்தை விரித்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்துச் சொல்லிக் கொடுப்பார். கரடி தட்டுத் தடுமாறிப் பேசுகிற பாஷையைக் கேட்டு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. அந்த நேரம் பார்த்து அவர் மனைவியிடமிருந்து போன் வரும். ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்வியபடி, "ம்... கிளம்பிட்டேன்" என்பார். கிளம்ப மாட்டார். மறுபடி போன் வரும்.

"எங்க வீட்டுலயும் இதே பாட்டுதான் சார்" என்பார் கரடி. இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். சார் வேண்டாம், பேரைச் சொல்லியே கூப்பிடலாம் என்று வாத்தியார் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். கரடிக்கு நாக்கு எழவில்லை.

ஒரு புதன்கிழமை வாத்தியார் வரவில்லை. அவர் இடத்தில் ஒரு இளவட்டம் வந்து நின்றது.

"அவர் மனைவி திடீர்னு இறந்துட்டாங்க. குடும்பத்துல தனியா இருக்க விரும்பறாங்க, யாரும் வர வேண்டாம்னு கேட்டுக்கறாங்க. சரி, போன வகுப்புல எதுல விட்டீங்க?"

கரடி எழுந்து நின்றுவிட்டார். "இன்னிக்குமா கிளாஸு?"

"ஏன், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

கரடி சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் நோட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள். அட பாவிகளா, தினமும் முகம் பார்த்துப் படிச்சீங்களேடா! பக்கத்தில் இருந்த கடுக்கன் போட்ட பையன் ஒரு வழவழ அட்டையை நீட்டினான்.

"கையெழுத்து போடு."

"என்ன இது, பொறந்த நாளா?"

"அவருக்குத்தான். எல்லாரும் போட்டு அனுப்பறோம்."

"அட்டை போவட்டும், நாம எப்ப போறோம்?"

"நாம எங்க போறது? வர வேணாம்னுட்டாங்களே."

"துக்கத்துல கிடக்கறவன் வாங்க வாங்கன்னு வாசல்ல நின்னா கூப்பிடுவான்? வேணாம்னுதான்டா சொல்லுவான். நாமதான் போவணும்."

கடுக்கன் தோளைக் குலுக்கினான். அந்தத் தோள் குலுக்கலைக் கண்டாலே கரடிக்குப் பற்றிக்கொண்டு வரும். பதில் தெரியாவிட்டால் தோள், பதில் சொல்ல இஷ்டமில்லாவிட்டால் தோள், ஒரு மனுஷி செத்துப் போனாலும் தோள்!

மறுநாள் மத்தியானம் அவர் வகுப்புக்குப் போகவில்லை. கொஞ்சம் சோறு வடித்து, காரம் போடாமல் ஒரு குழம்பு வைத்து, எவர்சில்வர் டப்பாவில் அடைத்தார். அந்த வீட்டில் யார் சமைத்திருக்கப் போகிறார்கள்? ஒருதரம் வாத்தியாரின் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனதில் வீடு தெரியும். இரும்பு கேட், சின்னப் பாதை, மூடிய கதவு, மூடிய ஜன்னல். வாசலில் ஒரு செருப்புகூட இல்லை, ஒரு நாற்காலி இல்லை. இது சாவு வீடா, பூட்டிப் போட்ட கோடவுனா?

மணி அடித்ததும் வாத்தியாரின் மகள் வந்தாள். கல்யாண வயசைத் தாண்டிய பெண், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பாகிட்ட படிக்கிறவன்மா. துக்கம் விசாரிக்க வந்தேன்."

"நன்றி. அப்பா யாரையும் பார்க்கல. நீங்க போகலாம்."

"பரவால்லம்மா, அவரைத் தொந்தரவு பண்ணல. இதை உள்ள வெச்சுடு. நான் இங்கயே நிக்கறேன்."

அவள் டப்பாவை வாங்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. கரடி கேட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பிறந்து வளர்ந்த இடத்தில் துக்க வீட்டுக்காரர் 'நீங்க கிளம்புங்க' என்றால், வந்தவருக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்ற கூச்சத்தில் சொல்கிறார் என்று அர்த்தம். கேட்டதும் எழுந்து நடையைக் கட்டுகிறவன் மனுஷனே இல்லை. தூறல் போட்டது. ஜன்னல் திரை கொஞ்சம் விலகியது, மூடியது. பெண் மறுபடி வந்தாள்.

"ஏன் இன்னும் நிக்கறீங்க? தயவுசெஞ்சு போங்க."

"நீ உள்ள போம்மா, நனையாத."

கடைசியில் வாத்தியாரே வந்தார். சவரம் செய்யாத முகம், மாற்றிப் பட்டன் போட்ட சட்டை. "எதுக்கு நிக்கறீங்க? போங்க!" என்று கத்தினார். அவர் கத்திக் கரடி கேட்டதே இல்லை.

"இருக்கட்டும் சார்" என்றார் கரடி, தலையைக் குனிந்துகொண்டு.

கதவு அறைந்து சாத்தப்பட்டது. தெருவில் விளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் அவர் கிளம்பினார். டப்பாவை கேட் தூணின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் அந்த டப்பா பள்ளிக்கூட அலுவலகத்து அம்மாளின் மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

"அவர் மகள் புகார் குடுத்திருக்காங்க. வீட்டு வாசல்ல நின்னு பயமுறுத்தினீங்கன்னு."

"பயமுறுத்தினேனா? சோறு கொண்டு போனேம்மா!"

"வர வேண்டாம்னு வகுப்புல சொன்னாங்க இல்ல? போங்கன்னு மூணு முறை சொல்லியிருக்காங்க. திங்கள்கிழமை அவர் வேலைக்கு வர்றார். அவர் முன்னால மன்னிப்புக் கேளுங்க. இல்லன்னா உங்க இடத்தை ரத்து பண்ண வேண்டியிருக்கும்."

கரடி டப்பாவையே முறைத்தார். சாவுக்குப் போனவனைத் திருடனைப் பிடிப்பது போலப் பிடித்து, சோற்று டப்பாவைத் திருட்டுச் சாமான் போல மேஜையில் வைத்து விசாரணையா! போன சனிக்கிழமை குடித்துவிட்டு ராத்திரி விடுதிக் கண்ணாடியை உடைத்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாத்துகிறான். அவனுக்கு ஒரு விசாரணை கிடையாது.

சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினார்.

"பேருக்கு ஏத்த மாதிரி கரடியா நுழைஞ்சிருக்கீங்க" என்றாள் அவள்.

"உனக்குக் கிண்டலா இருக்கா? சாவு வீட்டுக்குப் போனது தப்புன்னு என் வாயால சொல்லணுமாம்டி!"

"சொல்லிட்டுத்தான் வாங்களேன். வாய் என்ன தேஞ்சா போயிடும்? முட்டிதான் தேஞ்சு போச்சு. அதை நெனைச்சுக்கங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டார்.

திங்கள்கிழமை அலுவலக அறைக்குள் வாத்தியார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், ஒன்றுமே நடக்காதவர் மாதிரி. கன்னம் மட்டும் ஒட்டிப் போயிருந்தது. கரடி நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்துகொண்டு மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"சார், நீங்க போங்கன்னு சொன்ன பிறகும் நின்னேன். அது தப்பு. எங்க பக்கம் 'போ'ன்னா 'இரு'ன்னு அர்த்தம். நீங்க நெசமாவே சொல்றீங்கன்னு என் மண்டைல ஏறல. மன்னிச்சுக்கங்க."

"அங்க போனதுக்கு?" என்றாள் அலுவலகத்து அம்மாள்.

"போனது தப்பில்ல. அதுக்கு எதுக்கும்மா மன்னிப்பு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் பேசினார். மேஜையைப் பார்த்தே பேசினார்.

"அவ போனதுலேருந்து ஒரே ஆஸ்பத்திரி, போன், கையெழுத்து. அன்னிக்கு மத்தியானம்தான் வீடு அடங்கிச்சு. இனிமே அழலாம்னு உக்காந்தேன். ஜன்னல்ல பார்த்தா நீங்க நிக்கறீங்க. திரையை இழுத்து விட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் நீங்க நிக்கறீங்கன்னு தெரியுமே! ஒருத்தர் காது குடுத்துகிட்டு நிக்கும்போது எப்படி அழறது? நீங்க போறப்ப இருட்டிடுச்சு. எனக்கு அழுகை உள்ளயே நின்னு போச்சு. இன்னும் வரல."

கரடி எதற்கெல்லாமோ பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. காதோரம் சுட்டது. மெதுவாகச் சொன்னார்.

"எங்க பக்கம் ஒரு ஆள் வந்து நின்னாத்தான் சார் அழுகையே வரும். அதுக்குத்தான் போறது."

"எனக்கு அது தெரியாது" என்றார் வாத்தியார்.

"எனக்கும் உங்களுது தெரியாது சார்."

அலுவலகத்து அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி, இனிமே கூப்பிடாம யார் வீட்டுக்கும் போக மாட்டேன்னு சொல்லுங்க. இதோட முடிச்சுக்கலாம்."

ஒரு வார்த்தைதான். சொன்னால் படிப்பு பிழைக்கும், சூப்பர்வைசர் வேலை பிழைக்கும், முட்டி பிழைக்கும். கரடி வாயைத் திறந்தார். அது வரவில்லை, வேறு வந்தது.

"கல்யாணம் காட்சின்னா சொல்லுங்க, கூப்பிடாம அந்தத் தெருவுலயே நடக்க மாட்டேன். சாவுக்கு அப்படி வாக்குக் குடுக்க என்னால ஆகாதும்மா. வருவேன், வாசல்ல நின்னு கேப்பேன். வேணாம்னா ஒரே சொல்லுல திரும்பிடுவேன், அது சத்தியம். வரவே மாட்டேன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. அதுக்கு என்னை ஊருக்கே அனுப்பிடுங்க."

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"போதும். அவர் வகுப்புக்கு வரட்டும்."

"மகள் குடுத்த புகார்...?"

"மகள்கிட்ட நான் பேசிக்கறேன்."

கரடி மேஜை மேலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வாத்தியாருக்குப் பின்னால் வெளியே வந்தார். நீளமான நடை. எதிரே வந்தவர்கள் வாத்தியாரைப் பார்த்ததும் அரைப் புன்னகையோடு ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார். கரடிக்குப் பொறுக்கவில்லை.

"சார், வீட்டம்மாவுக்கு என்னதான் ஆச்சு?"

வாத்தியார் நின்றார். உதடு அசைந்தது. "இப்ப வேணாம்" என்றார்.

கரடியின் வாயில் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. உடம்புக்கு முன்னாடியே ஏதாவது இருந்துச்சா, கூட யார் இருந்தாங்க, சாப்பிட்டாங்களா கடைசியா? அவர் பிறந்த இடத்தில் இரண்டாம் தரம் கேட்டால்தான் சொல்வார்கள். மூன்றாம் தரம் கேட்டால் தோளில் சாய்ந்து கதறுவார்கள். இந்த மனுஷனின் 'வேணாம்' எந்த வேணாம் என்று எந்தச் சாமிக்குத் தெரியும்? ஆனால் சற்று முன்னால்தான் சத்தியம் பண்ணியிருந்தார். எச்சிலோடு சேர்த்துக் கேள்வியையும் விழுங்கினார். கசந்தது.

"சரி சார்" என்று ஒதுங்கி வழிவிட்டார். வாத்தியார் இரண்டடி நடந்து, திரும்பிப் பார்த்து, என்னவோ சொல்ல வந்தது போல நின்று, சொல்லாமலே போனார்.

கரடி ஒர்க்‌ஷாப் குழாயடிக்குப் போய் டப்பாவைத் திறந்தார். புளித்த வாடை மூக்கில் அடித்தது. கொட்டிவிட்டு, கிரீஸ் கழுவுகிற சோப்பைப் போட்டு, டப்பா நசுங்கிப் போகிற மாதிரி தேய்த்தார். கடுக்கன் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தான்.

"உள்ள என்ன ஆச்சு?"

"வந்துட்டான்யா! என்னைக் கேளு, நல்லாக் கேளு" என்று கரடி டப்பாவை ஓங்கித் தரையில் வைத்தார். "அந்த மனுஷனை மட்டும் ஒருத்தனும் கேட்டுடாதீங்க!"