டெம்போவில் ஏறாத ஆடுகள்

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் ஆடு வளர்த்தோம். நான் பகலில் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் பெருக்குகிற வேலைக்குப் போவேன். ஆடுகள் சரக்கு யார்டு சுவரோரம் மேய்ந்துவிட்டுத் தாமாகவே வீடு திரும்பும். ஏழு இருந்தன. பக்ரீத்துக்கு விற்கலாம் என்று சந்தையில் எட்டாவதாக ஒரு கிடா வாங்கினேன். வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வந்த கிடா. கொண்டுவந்த அன்றே மற்ற ஆடுகளோடு கட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள் அதற்கு மூக்கு ஒழுகியது. பிறகு காய்ச்சல், வாயெல்லாம் புண், தண்ணீராய்க் கழிச்சல். அது செத்த அன்று என் சினை ஆடு தழையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஒரு ஆட்டோவில் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

மருத்துவர் என்னைவிட இளையவர். வாயைத் திறந்து பார்த்ததுமே அவர் முகம் மாறியது.

"ஆட்டுக்கொல்லி மாதிரி தெரியுதும்மா. வைரஸ். இதுக்கு நேரடியா மருந்து கிடையாது. தெம்பு குறையாம பாத்துக்கிட்டா சிலது பிழைக்கும்."

"எங்க தெருவுக்கு எப்டி வந்திச்சு டாக்டரம்மா?"

"முதல்ல ஆப்பிரிக்காவுலதான் கண்டுபிடிச்சாங்க. இப்போ மங்கோலியாவுலயும் இருக்கு, கிரீஸ் வரைக்கும் போயிடுச்சு. ஆடு அவ்வளவு தூரம் நடந்தா போகும்? நாமதான் வண்டியில ஏத்தி அனுப்புறோம். சீக்கு ஆட்டை மட்டும் யாருக்கும் வித்துடாதீங்க. மத்த ஆடுங்களுக்கு நான் வந்து தடுப்பூசி போடுறேன்."

வீடு திரும்புவதற்குள் செய்தி தெருவெங்கும் பரவியிருந்தது. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்வீட்டு அக்கா கத்தினாள். "மனுசனுக்கு வராது, டாக்டரே சொல்லிச்சு" என்றேன். யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சந்தை வியாபாரி டெம்போவோடு வந்து நின்றான். எனக்கு அந்தக் கிடாவை விற்றவன்தான்.

"இன்னா தங்கச்சி, சாவறதுக்குள்ள குட்த்துடு. வர்ற வெலைக்கு நான் தள்ளிக்கிறேன்."

"எங்க தள்ளுவ?"

"அத்த நான் பாத்துக்கறேன். ஆந்திரா சைடு ஒரு சந்த கீது."

எதிர்வீட்டு அக்கா தன் இரண்டு ஆடுகளையும் கயிற்றோடு பிடித்து வந்துவிட்டாள். அதில் ஒன்றுக்குக் கண்ணில் பீளை கட்டியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் டெம்போவுக்குப் பின்னால், அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றேன்.

"ஏத்தக்கூடாது. இந்த மாறி எவனோ ஒருத்தன் ஏத்தி வுட்டதாலதான் என் வூட்ல சாவு வுழுந்துச்சு. அங்க இன்னொருத்தி வூட்ல வுழணுமா?"

"நஷ்டத்த நீ குடுப்பியா?" என்றாள் அக்கா.

"குடுக்க முடியாது. ஆனா வுடவும் மாட்டேன்."

வியாபாரி ஹாரனை அடித்தான். நான் நகரவில்லை. வண்டி நம்பரைக் கைப்பேசியில் படம் பிடித்து, அவன் எதிரிலேயே மருத்துவருக்கு அனுப்பினேன். திட்டிக்கொண்டே காலி வண்டியோடு போனான்.

அன்று மதியமே மருத்துவர் வந்து, நோய் தொடாத எல்லா ஆடுகளுக்கும் ஊசி போட்டார். அதன்பின் இரண்டு வாரம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. உப்புத் தண்ணீரில் வாய்ப்புண் கழுவி, கேழ்வரகுக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். சினை ஆடு குட்டியைக் கலைத்துவிட்டுச் செத்தது. அதற்குப் பின் இன்னும் மூன்று. "கால்வாயில போட்டுட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர். ஊரே அப்படித்தான் செய்யும். நான் காலி மனையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தேன். மூன்றாவது குழிக்கு அவரே மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

எனக்கு மூன்று ஆடுகள் மிஞ்சின. அக்காவுக்கு ஒன்று. அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அந்தக் கோபம் நியாயம்தான். இருந்தாலும் அந்த டெம்போ இன்னொரு முறை வந்தால் நான் அதே இடத்தில்தான் நிற்பேன்.

இப்போது எங்கள் தெருவுக்குப் புது ஆடு வந்தால், மூன்று வாரம் தனியாகக் கட்ட வைத்து, ஊசியும் போட வைக்கிறேன். "இன்னாமே, ஆட்டு போலீசா நீ?" என்று கேலி செய்கிறார்கள். ஆமாம் என்கிறேன். மிஞ்சியதில் ஒரு ஆடு போன வாரம் குட்டி போட்டிருக்கிறது. யார் கேட்டாலும் விற்பதாக இல்லை.