சிரித்தால்தான் உள்ளே

தலைமைச் செவிலியாக அந்தப் பிரிவுக்கு அவள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் வாசல்காரரைப் பற்றி மூன்று புகார்கள் மேஜைக்கு வந்துவிட்டன. மூன்றிலும் விஷயம் ஒன்றுதான்: மனிதர் ஜோக் அடிக்கிறார்.

குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிரிவு அது. உள்ளே பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கையில் அடங்கிவிடும்போல ஓர் உயிர். வெளியே நிற்பவர்கள் எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள். அந்த வாசலில் ஒருவர் கேலியும் கிண்டலுமாக உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் எரியாது? அவளுக்கும் எரிந்தது.

பார்க்க ஆள் சாதுதான். ஐம்பத்தெட்டு வயது, மடிப்புக் கலையாத நீலச் சட்டை, பக்கத்தில் கைகழுவும் தொட்டி, சுவரோரமாக ஒரு ஸ்டூல். பத்தொன்பது வருடமாக அதே ஸ்டூல். அனுமதிச் சீட்டை நீட்டுபவர்களிடம் சீட்டை வாங்க மாட்டார்; முகத்தைப் பார்த்து ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவார்.

"குழந்தை அச்சு அசல் உங்கள மாதிரியே இருக்காம் சார். பயப்படாதீங்க, வளர வளர மாறிடும்."

அழுது வீங்கிய முகத்தோடு வந்தவனும் இதற்குச் சிரித்துவிடுவான். இன்னொரு நாள், முந்தியடித்துக்கொண்டு வந்த ஓர் அத்தையிடம், "மெதுவா போங்கம்மா, உள்ள பன்னெண்டு பேர் படுத்திருக்காங்க, ஒருத்தராவது எழுந்து உங்களுக்கு இடம் குடுப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?" என்றார். அத்தை சிரித்தாள். சிரித்தபிறகுதான் கைகழுவச் சொல்லி உள்ளே விட்டார். அதனால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் சிரிப்பண்ணன்.

செவிலி தீர்மானித்துவிட்டாள். மருந்துக் கிடங்கில் ஆள் இல்லை. அங்கே போய்ப் பெட்டிகளிடம் ஜோக் அடிக்கட்டும். மாற்றல் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்தாள். கையெழுத்துதான் பாக்கி.

அன்று பதினோரு மணிக்கு வாசலில் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், வெயிலில் கறுத்த ஓர் இளைஞன், தோளில் பை, கண்ணெல்லாம் சிவப்பு. கப்பலில் இயந்திரம் பார்ப்பவன். மனைவிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே பிரசவம் ஆகிவிட்டது என்று கேட்டு, இரண்டு நாள் தூங்காமல் பயணம் செய்து வந்திருக்கிறான். நான்கு நாள் முன்பு பிறந்த மகளை இன்னும் பார்க்கவில்லை.

"உங்க ஆள் என்னை உள்ள விட மாட்டேங்கிறார் சிஸ்டர்! சீட்டு இருக்கு, கையும் கழுவிட்டேன். நான் சிரிக்கலையாம், அதனால விட மாட்டாராம். இது ஆஸ்பத்திரியா, சர்க்கஸா?"

"அண்ணே, என்ன இது?" என்று வாசல்காரரிடம் கேட்டாள்.

"சிரிச்சாரு சிஸ்டர். பாதி வாயாலதான் சிரிச்சாரு. இடது பக்கம் உதடு வரல. உடனே நாக்கால தொட்டுப் பார்த்தாரு. அங்க ஏதோ சுருக்சுருக்குங்குது அவருக்கு. கேட்டுப் பாருங்க."

"காய்ஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான்," என்றான் கப்பல்காரன்.

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கொப்புளம் இல்லை, புண் இல்லை. ஓரமாக லேசான சிவப்பு. இரண்டு நாள் வெயிலும் தூக்கமில்லாமையும் இருந்தால் யார் உதடுதான் சிவக்காது? உள்ளே விடுங்கள் என்று சொன்னாள்.

வாசல்காரர் கதவுக்கு முன்னால் போய் நின்றார். முகத்தில் கேலியெல்லாம் வடிந்துபோயிருந்தது. கதவுப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"என்னை எங்க வேணும்னாலும் மாத்துங்க சிஸ்டர். கடிதம் அடிச்சாச்சுன்னு தெரியும். ஆனா இன்னைக்கு வேண்டாம். நாளைக்குக் காலைல உதடு இப்படியே இருந்தா, நானே அவர் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன்."

பத்து வருடம் செவிலியாக இருந்தவளுக்கு, வேலை போய்விடுமே என்று கெஞ்சுபவர் யார், வேறு பயத்தில் கெஞ்சுபவர் யார் என்று தெரியும். எரிச்சலோடுதான், ஆனாலும் இறங்கி வந்தாள். இன்றைக்குக் கண்ணாடி வழியாகப் பாருங்கள் என்று அவனிடம் சொன்னாள். அவன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை அவனே வந்தான். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தான். நேரே வாசல்காரரிடம் போய்க் கைக்குட்டையை எடுத்தான். இடது ஓரத்தில், கடுகளவு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக.

"நேத்து அவளைத் தூக்கி முத்தம் கொடுக்கணும்னுதான் வந்தேன்," என்றான்.

வாசல்காரர் தன் ஸ்டூலை நகர்த்தி அவனை உட்காரவைத்தார். பிறகு அவர் சொன்னதைச் செவிலியும் பக்கத்தில் நின்று கேட்டாள். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு நின்றுபோன மனிதர். இத்தனை வருடம் போகிற வருகிற டாக்டர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தார்.

"இதுக்கு ஹெர்பிஸ்னு பேரு தம்பி. பெரிய குடும்பம், எட்டொன்பது பேர். இவன் உதட்டுல வர்றவன். இவனோட பங்காளி ஒருத்தன் சின்ன வயசுல அம்மையா வருவான். போயிட்டான்னு நாம நினைப்போம். போக மாட்டான், நரம்புக்குள்ள படுத்திருப்பான். வயசான காலத்துல இடுப்புல அக்கியா எந்திரிப்பான். தொண்டை வீங்க வைக்கிறவன் ஒருத்தன், வயித்துப் பிள்ளையோட காதைக் கெடுக்கிறவன் ஒருத்தன். எல்லாரும் ஒரே குணம், குடி வந்தா காலி பண்ணாத வாடகைக்காரன் மாதிரி. ஊர்ல பாதிப் பேருக்கு மேல உதட்டுக்காரன் இருக்கான், நமக்கு ஒண்ணும் பண்ண மாட்டான். பிறந்த குழந்தைக்குப் போனா மட்டும் மூளைக்கும் ஈரலுக்கும் போயிடுவான். மருந்து இருக்கு, ஆனா நேரத்துல கண்டுபிடிக்கணுமே. கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே, அந்தச் சுருக்சுருக்கு இருக்கும்போதே ஒட்டிக்குவான். அதை டார்ச்சால பார்க்க முடியாது. சிரிக்க வச்சாத்தான் தெரியும். வாயை விரிக்கும்போது இழுக்கும்ல?"

"நேரா கேட்டிருக்கலாமே?" என்றாள் செவிலி.

"கேட்டா எல்லாரும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாங்க சிஸ்டர். பெத்த பிள்ளையைப் பார்க்க வந்தவன் பொய் சொல்லத்தான் செய்வான். சிரிப்பு பொய் சொல்லாது."

மாற்றல் கடிதத்தை அவள் அன்றே கிழித்துப் போட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருடமாக இந்த மனிதர் இந்த வாசலில் கோமாளி என்று பெயர் வாங்கிக்கொண்டு எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியிருப்பார்? கணக்கு யாரிடமும் இல்லை; காப்பாற்றப்பட்டவர்களுக்கே தெரியாது. இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு, புகார் வந்தால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்.

கப்பல்காரன் தினமும் வந்து கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தான். மருந்து தடவினான், திட்டுவதை நிறுத்தினான், மூன்றாம் நாள் வாசல்காரருக்கு டீ வாங்கிக்கொடுத்தான். பன்னிரண்டாம் நாள் பொருக்கு உதிர்ந்து, டாக்டர் சரி என்று சொன்னார். உள்ளே போய் அவன் ஒரு விரலை நீட்ட, மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். வாசல்காரர் அதைப் பார்க்கவில்லை; அடுத்து வந்த சித்தப்பா ஒருவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்வை நேரம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு செவிலி வாசல்காரரிடம் வந்தாள்.

"அண்ணே, டாக்டருங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டீங்க, சரி. ஆனா கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு இவ்வளவு நுணுக்கமா எப்படித் தெரியும்?"

அவர் தொட்டியின் குழாயை இறுக்கி மூடினார்.

"எனக்கே வரும் சிஸ்டர், வருஷத்துக்கு ரெண்டு தடவை. எனக்கு ஒரு பொண்ணு பிறந்தா. பதினோரு நாள் இருந்தா. பிறந்த அன்னைக்கு உதட்டுல சுருக்சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஒண்ணுமில்லன்னு நினைச்சுக் கொஞ்சினேன்."

"யாரும் உங்களைத் தடுக்கலையா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல சிஸ்டர். அன்னைக்கு வாசல்ல யாரும் இல்ல."