முருங்கைமரத்தடி கபடி டீம்

எங்கள் ஊரில் முட்டி சிராய்த்தால் இரண்டு மடங்கு எரியும்...

மரக்காணத்தில் எங்கள் ஸ்கூல் கிரவுண்டை ஒட்டியே உப்பளம். காற்றிலும் உப்பு, மண்ணிலும் உப்பு. அந்த எரிச்சலுக்குப் பயந்தே கீழே விழாமல் கபடி ஆடப் பழகிக்கொண்ட பெண்கள் நாங்கள்.

அதில் ஜெயந்தி விழவே மாட்டாள். ரெய்டு போனால் யாரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் பிராக்டிஸில், யாருமே தொடாமல் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்த பி.டி. டீச்சர், "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குது. அது ஏறுற வரைக்கும் கபடி கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

ஜெயந்தி அழவில்லை. "கபடி இல்லன்னா நான் எதுக்குடி ஸ்கூலுக்கு வரணும்? அம்மாகூட உப்பளத்துக்கே போயிடறேன்" என்றாள். சும்மா சொல்லவில்லை. அவள் அக்காவும் அப்படித்தான் படிப்பை நிறுத்தியிருந்தாள்.

கேப்டன் ஸ்டெல்லா கேட்டாள். "காலையில என்னடி சாப்ட்ட?"

"டீ."

"கூட?"

"...வர்க்கி."

யாரும் அவளைத் திட்டவில்லை. எந்த மூஞ்சியோடு திட்டுவது? எல்லார் வீட்டிலும் அதே கதைதான். விடிவதற்கு முன்பே அம்மாக்கள் உப்பு வாரக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் டீயைக் குடித்துவிட்டு ஓடி வருவோம். கேழ்வரகுக் கூழ் வீட்டில் இருக்கும்தான்... ஆனால் கூழ் குடித்தேன் என்று வெளியே சொல்ல வெட்கம்.

அன்றைக்கே ஸ்டெல்லா சட்டம் போட்டாள். சாப்பிடாதவள் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

மறுநாளிலிருந்து காலையில் எல்லாரும் ஜெயந்தி வீட்டு வாசலில் ஆஜர். என் வீட்டுக் கூழ், ஸ்டெல்லா வீட்டு வேர்க்கடலை, யாராவது கொண்டுவரும் முட்டை. வாசலிலேயே ஒரு முருங்கைமரம்; அதன் கீரையும் சேர்ந்துகொண்டது.

"இத ஆட்டுக்குத்தாண்டி ஒடைச்சிப் போடுவோம்" என்றாள் ஜெயந்தி.

"ஆடு மயங்கி விழுந்துச்சா பாரு" என்றாள் ஸ்டெல்லா.

கீரையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டினால்தான் விடுவோம். அவளுக்காகப் போய் உட்கார்ந்த நாங்களும் சேர்ந்து தின்றோம். கடைசி பீரியடில் தூங்கி வழிவது எப்போது நின்றதென்றே தெரியவில்லை.

பொங்கல் கழித்து மறுபடியும் ரத்த டெஸ்ட். திரும்பி வந்த டீச்சர் ஜெர்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வானூர் டோர்னமென்டில் செமி ஃபைனலோடு வெளியே வந்தோம். அதனால் என்ன... ஜெயந்தி பிளஸ் டூ முடித்தாள். எனக்கு அதுதான் கப்.

இப்போது அவளுக்கு மரக்காணத்தில் மெடிக்கல் ஷாப்பில் வேலை. சாயங்காலமானால் அதே கிரவுண்டில் ஊர்ப் பெண்களோடு கபடி ஆடுகிறாள். நான் சென்னையில் ஏ.சி. ஆபீஸில். ஜிம்முக்குப் பணம் கட்டியிருக்கிறேன், போனதில்லை. ஹெல்த் மிக்ஸ் பாக்கெட் ஒன்று பிரிக்காமலே கிடக்கிறது. உள்ளே இருப்பது நாங்கள் வெட்கப்பட்ட அதே கேழ்வரகுதான்.

போன வாரம் ஜெயந்தி போன் பண்ணினாள். "சாப்ட்டியாடி?"

"டீ குடிச்சேன்."

"கூட?"

"...பிஸ்கட்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஞாயித்துக்கெழம பஸ் ஏறி வா" என்றாள். "மரம் அங்கயேதான் இருக்குது. தின்னுட்டு அப்புறமா கோட்டுக்குள்ள கால வெய்யி."