ஸ்கி வீட்டு மார்க்கர்

டெக்சாஸில் ஹூஸ்டனிலிருந்து கேட்டி என்ற ஊருக்குப் போகும் ஃப்ரீவேயின் ஓரத்தில், நெல் வயல்களை மூடிப் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்த பக்கம், ஆள் உயர எழுத்தில் ஒரு பெயர்ப் பலகை நின்றது. ஒரு குடும்பப் பெயர் மட்டும்தான் அதில் இருந்தது. மெய்யெழுத்துகளாக நெருக்கியடித்துக்கொண்டு வந்து கடைசியில் 'ஸ்கி' என்று முடியும். கீழே டென்னிஸ் என்றுகூடப் போடவில்லை. பெயரைப் பார்த்தாலே டென்னிஸ் என்று ஊர் புரிந்துகொள்ள வேண்டும் என்பது கிழவரின் எண்ணம்.

கிழவர் போலந்தில் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். அவர் மனைவியும் அப்படித்தான். மூத்த மகன் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சியாளன். இளையவன் அப்பாவோடு இந்த அகாடமியை நடத்தினான். கடைசி மகள் மட்டும் இன்னும் ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஆடாதவர் யாரும் இல்லை. மருமகளைக்கூட ஆடுபவளாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள்.

நான் மார்க்கர். நம் ஊர் கிளப்புகளில் மெம்பர்களுக்கு எதிரில் நின்று பந்து அடித்துக்கொடுக்கும் கூலியாளுக்கு அதுதான் பெயர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சென்னையில் பந்து பொறுக்கப் போய், அங்கேயே ராக்கெட் பிடிக்கக் கற்றேன். பிறகு கோயம்புத்தூர், பெங்களூர், துபாயில் ஒரு ஹோட்டல். எந்த இடத்திலும் என்னால் நிலைத்து இருக்க முடிந்ததில்லை.

மார்க்கர் வேலையில் யாரும் சொல்லித்தராத சட்டம் ஒன்று உண்டு. மெம்பர் ஜெயிக்க வேண்டும். ஆனால் சும்மா ஜெயித்ததாக அவருக்குத் தோன்றக் கூடாது. நன்றாக ஓடவிட்டு, வியர்க்க வைத்து, கடைசியில் ஒரு பந்தை விரற்கடை வெளியே போட வேண்டும். இது தெரியாத மார்க்கரை எந்த கிளப்பும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ளாது.

துபாய் ஹோட்டலுக்கு ஒரு போட்டிக்காக மகளோடு வந்த கிழவர், அவளை என்னோடு அடிக்கவிட்டுப் பார்த்தார். அவள் என்னிடம் தோற்றாள். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவள் மெம்பர் இல்லை, போட்டிக்காரி. போட்டிக்காரிக்கு விட்டுக்கொடுத்தால் அது அவளுக்குச் செய்யும் துரோகம் என்பது எனக்கும் தெரியும். விளையாட்டுக்காரர்களுக்குத் துணையாக வருபவர்களுக்கென்று இருக்கும் விசாவில் 2004-இல் என்னை டெக்சாஸுக்குக் கூட்டிவந்தார்.

நாலு வருஷம் அந்த வெயிலில் அவளுக்குப் பந்து அடித்தேன். என்னிடம் தோற்றால் டவலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். ஒருமுறை ராக்கெட்டை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினாள். நானே போய் எடுத்துவந்தேன். மற்ற நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அகாடமியில் எல்லோருடைய சட்டை முதுகிலும் அந்தக் குடும்பப் பெயர்தான் இருக்கும், என் முதுகிலும். நம் ஊர்ப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு என்னையும் கோச் ஸ்கி என்றே கூப்பிட்டார்கள்.

"அங்கிள், நீங்க போலந்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"என்னை யாரும் கட்டிக்கலைம்மா. சட்டை மட்டும்தான் குடுத்தாங்க" என்றேன்.

கிழவரிடம் சொன்னபோது தொடையைத் தட்டிச் சிரித்தார். "நல்லது. நீ இப்போது எங்கள் ஆள்" என்றார். விசா முடியப்போகிறதே என்று நான் ஆரம்பித்ததும், பயிற்சியாளன் என்று போட்டு கிரீன் கார்டுக்குத் தானே ஸ்பான்சர் செய்வதாகவும், தன் பிறந்தநாள் கழிந்த திங்கட்கிழமை வக்கீலிடம் போகலாம் என்றும் சொன்னார். நான் எங்கேயாவது தங்க வேண்டும் என்று விரும்பியது அப்போதுதான். முழங்கால் தேய ஆரம்பித்திருந்தது. வேறு ஊருக்குப் போய் மறுபடி பந்து பொறுக்குவதிலிருந்து தொடங்க முடியாது.

அவர் பிறந்தநாளுக்கு அந்த வீட்டில் விருந்துக்கு முன் ஆட்டம் நடக்கும். குடும்பத்தார் ஒருவரோடு ஒருவர் ஆட வேண்டும். அப்பா, அம்மா, மகள் என்று பார்க்கவே மாட்டார்கள். அம்மாவே மகளை மூச்சு வாங்க ஓடவிட்டுத் தோற்கடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அந்த வருஷம் மூத்தவன் வரவில்லை. கிழவர் ராக்கெட்டால் என்னைச் சுட்டிக்காட்டினார்.

அறுபது கடந்தவர். மூட்டில் அறுவை செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பிறந்தநாள். மறுநாள் வக்கீல். நான் யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது. நன்றாக ஓடவிட்டு, சமமாகக் கொண்டுபோய், கடைசியில் ஒரு பேக்ஹேண்டை வெளியே போட்டேன்.

வலைக்கு வந்து கை கொடுக்க நின்றேன். அவர் கை நீட்டவில்லை. நேராக வீட்டுக்குள் போய்விட்டார்.

சாப்பாட்டு மேசையில்தான் கேட்டார். "அந்த பேக்ஹேண்டை நீ தவறவிட மாட்டாய்."

"உங்க பிறந்தநாள்" என்று சொல்லிச் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

"என் மகளோடும் இப்படித்தான் ஆடினாயா?"

அவள் அந்த வருஷம் போன இடமெல்லாம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருந்தாள். அந்தக் கேள்வி விழுந்ததும் மேசையில் எல்லோருக்கும் அவள் தோல்விகளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அது எனக்குக் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்தது. இல்லை, ஒரு பந்துகூட விட்டதில்லை, அவளையே கேளுங்கள் என்றேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் சின்னதாக உடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கிழவர் என்னை வக்கீலிடம் கூட்டிப்போகவில்லை. மகள் மட்டும் வழக்கம்போல டென்னிஸ் கோர்ட்டுக்கு வந்தாள்.

"விட்டுக்கொடுத்தவனிடம் தோற்றுத்தானா அவ்வளவு அழுதாய்?" என்று கேட்டேன். "அதையாவது உன் அப்பாவிடம் சொல்லேன்."

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "நீ என்ன செய்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு புதிதாக வாங்கிவைத்திருந்த பந்து எறியும் இயந்திரத்தை இழுத்துவரச் சொன்னாள். இழுத்துவந்து வைத்தேன். அதற்குப்பின் அவளுக்கு நான் பந்து அடிக்கவில்லை.

சமாச்சாரம் வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் நம் ஊர்ப் பெற்றோர்களுக்கும் போய்விட்டது. எண்ணெய்க் கம்பெனியில் இருக்கும் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, கையெழுத்து வாங்கறதுக்கு முந்தின நாள் எவனாவது பாஸை ஜெயிப்பானா? நீ பண்ணது கரெக்ட்தான். நானும் எங்க டைரக்டர் கூட கோல்ஃப் ஆடறப்ப அதான் பண்றேன்."

"அதான் பிரமோஷன் கொட்டுதாக்கும்" என்றார் அவர் மனைவி.

"நீ சும்மா இரு. தம்பி, நான் வேணா பேசிப் பாக்கட்டுமா?"

"பேசுங்க சார்."

அவர் பேசவில்லை. அவர் பையன் அந்த மாதம் அகாடமி அணிக்குத் தேர்வாக வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர், பேப்பர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கிச்சனில் நில்லு என்றார். போலீஸ் காரைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வாழ எனக்கு மனம் இல்லை. விசா முடிவதற்குள் டிக்கெட் எடுத்தேன்.

ஏர்போர்ட்டுக்கு இளையவன்தான் கொண்டுபோய் விட்டான். அந்தக் குடும்பத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. கிழவர் வாசல்வரை வந்து பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். மனைவி வழியில் சாப்பிட ரொட்டி கட்டிக்கொடுத்தார்.

பாதி வழியில் இளையவன் ரேடியோவை அணைத்தான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "நீ அவளிடம் விட்டுக்கொடுத்து ஆடவில்லை. எனக்குத் தெரியும். தினமும் பக்கத்து கோர்ட்டில் நின்று பார்த்தவன் நான்."

"உன் அப்பாவுக்கு?"

"அவருக்கும் தெரியும். ஆனால் அடுத்த மாதம் அவள் ஒரு போட்டிக்குப் போக வேண்டும். தனக்கு ஆட்டம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் அங்கே போக முடியாது."

ரொட்டிப் பொட்டலம் மடியில் இன்னும் சூடாக இருந்தது. நான்கு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை. அவன் நன்றி எதிர்பார்த்தானோ, மன்னிப்பு எதிர்பார்த்தானோ, ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"எக்ஸிட் வருது, லேன் மாறு" என்றேன்.