மூன்று பக்கமும் அடுத்த மாநிலம்

கடல் என்றால் என்ன, கரை என்றால் என்ன, எந்தக் கரை எந்த ஊருக்குச் சொந்தம் என்று கணினிக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால், இனி எங்கள் பக்கத்தில் யாரும் கடலில் சாகமாட்டார்கள் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் அல்ல. நாற்பதைத் தாண்டி, தலையில் பாதி முடி போன பிறகு, சம்பளமும் வாங்கிக்கொண்டு நம்பினேன்.

சுனாமிக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. காரைக்கால் பக்கத்து மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா அந்த அலையில் தன் ஒரே மகனைப் பறிகொடுத்திருந்தாள். அதன்பின் எங்கள் குடும்பத்தில் யாரும் பெரிதாக அழுவதில்லை, சண்டை போடுவதுமில்லை. நான் மட்டும் வழக்கம்போல ஜோக்கடித்துக்கொண்டு திரிந்தேன். பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்ட வாயால் சோறு தின்பதுபோல இருக்கும். மெல்லுவேன், ருசி தெரியாது.

காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. கல்ஃபில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பிய பாய் ஒருவர் அந்த அலுவலகத்தை நடத்தினார். வானிலை எச்சரிக்கை வந்ததும் காரைக்கால் கரையோர மீனவர்களின் செல்போனுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகும்படி, ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஏற்பாடு செய்திருந்தோம். அடுத்த மாவட்டத்தை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கணினிக்குக் ‘கிராமம்’, ‘மாவட்டம்’, ‘கரை’ எல்லாம் வெறும் எழுத்து. எது எதில் அடங்கும், எதற்கு எது என்ன உறவு என்று விளக்கி ஒரு கோப்பு எழுதிக் கொடுத்தால்தான் அதற்கு ஏதோ புரியும். அந்தக் கோப்புக்கு ஆன்டாலஜி என்று பெயர். எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை என்பதுதான் இதில் விசேஷம். உலகத்தின் ஏதோ மூலையில் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருப்பார். நம் கோப்பின் தலையில் அதன் முகவரியை ஒரு வரியாகச் சேர்த்தால் போதும், அவர் விளக்கியதெல்லாம் நமக்கும் வந்துவிடும். இப்படியே போனால் வலையில் உள்ள கணினிகள் எல்லாம் ஒரே அர்த்தத்தில் பேசிக்கொள்ளும் என்றார்கள். சோம்பேறிக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? இடங்கள், எல்லைகள் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுதி வைத்திருந்ததை அப்படியே இழுத்துக்கொண்டேன். எந்தப் பதிப்பு என்று குறிப்பிடவில்லை. அவர் எதைப் புதிதாக வெளியிட்டாலும் அதுவே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கடலுக்குப் போக வேண்டாம் என்று முந்தின மாலையே எச்சரிக்கை வந்திருந்தது. காலையில் அலுவலகம் வந்து, யார் யாருக்குச் செய்தி போயிருக்கிறது என்று பார்த்தேன். ஒருவருக்கும் போகவில்லை. காரைக்கால் என்ற பிரிவுக்குள் ஒரு கிராமம்கூட இல்லை.

“பாய், காரைக்காலக் காணும்!”

பாய் டீயை உறிஞ்சினார். “இப்பதான் தம்பி கடைத்தெருவுலேருந்து வர்றேன். அங்கதான் இருந்துச்சு.”

“வெளையாடாதீங்க பாய். கம்ப்யூட்டர்ல காணும்.”

“நீங்க மட்டும்தான் வெளையாடணுமா?” என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்தவர், திரையைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

பேராசிரியர் புதிய பதிப்பில் ஒரு விதி சேர்த்திருந்தார். ஒரு பகுதியின் நில எல்லை முழுவதும் ஒரே மாநிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பகுதியும் அந்த மாநிலத்தையே சேரும். அவர் நாட்டுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். எங்களுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். கணினி நேர்மையாக யோசித்து, ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் கிராமங்களை எல்லாம் தமிழ்நாட்டில் சேர்த்துவிட்டது. பாட்டில் வாங்க அந்தப் பக்கமிருந்து வருகிறவனுக்கு எவ்வளவு போதையிலும் எல்லை எங்கே என்று தெரியும். அந்தக் கோப்புக்குத் தெரியவில்லை.

பிற்பாடு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் யூனியன் பிரதேசம் நான்கு துண்டு, ஒன்று ஆந்திராவுக்குள், ஒன்று கேரளாவுக்குள் என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து வரைபடம் கேட்டார். அனுப்பினேன். மனிதர் மன்னிப்புக் கேட்டு, அந்த விதியைத் தனிக் கோப்பாகப் பிரித்து, வேண்டியவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். நானும் பதிப்பு எண்ணைச் சொல்லி எடுக்கப் பழகினேன். அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்குப் பாய் பழைய பதிப்பைப் போட்டுச் செய்திகளை அனுப்பினார். ஆனால் படகுகள் விடியும் முன்பே போய்விடுபவை. அக்கா வீட்டுக்காரரின் ஃபைபர் படகும் அப்படித்தான். மச்சானுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

கீழே ஓடிவந்து பைக்கில் சாவியை நுழைத்தேன். திரும்பவில்லை. முட்டிமோதித் திருகினேன்.

“தம்பி, அது ஆபீஸ் சாவி!” மாடியிலிருந்து பாய் கத்தினார். “அத வெச்சு ஆபீஸத்தான் ஓட்டலாம்!”

அவரே வண்டிச் சாவியைத் தூக்கிப் போட்டார். அதையும் பிடிக்கவில்லை, சாக்கடை ஓரத்தில் பொறுக்கினேன்.

வழியெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ‘அக்கா, தர்க்கப்படி பார்த்தா மச்சான் வேற மாநிலம், அதனாலதான் தகவல் வரல.’ எனக்கே சிரிப்பு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. யாருடைய கையோ என் வண்டியைப் பிடித்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டு வாசலில் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாப்ள. ஆபீஸ் லீவா?”

“நீங்க கடலுக்குப் போவலியா மச்சான்?”

“எங்க போறது? எஞ்சினச் சுத்துற ஹேண்டிலக் காணும். விடிகாலேலேருந்து தேடுறேன். ஆளுங்க பாத்துப் பாத்துட்டு வேற போட்டுல ஏறிப் போயிட்டானுங்க.”

“மெசேஜ் எதாச்சும்…”

“போன்ல சார்ஜே இல்ல. முந்தாநாளே அணைஞ்சு போச்சு.”

உள்ளே அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “சாப்பிட்டியாடா?” என்றாள்.

“ஹேண்டில் எங்கக்கா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

தலை நிமிராமல் மோவாயால் அரிசி டிரம்மைக் காட்டினாள். “மானம் கறுத்து மூடுனா எடுத்து வெச்சிருவேன்.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். தேடுற மாதிரி தேடுவாரு.”

அங்கேயே சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். தாழ்வு மண்டலம் வடக்கே போய்விட்டது. எங்கள் கரையில் ஒரு தூறல்கூட இல்லை. கடலுக்குப் போன படகுகள் எல்லாம் மதியத்துக்குள் திரும்பிவிட்டன. மச்சான் அன்றைக்குப் போகவில்லை.