நாலாவது ஆள் எங்கே?

நேற்று எங்கே போனீர்கள், எதில் போனீர்கள் என்று முன்பின் தெரியாதவர்களைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு என்னுடையது. பயணக் கணக்கெடுப்பு என்று கௌரவமான பெயர். வெயிலில் கேட்டைத் தட்டி, நாய்க்குத் தப்பி ஓடிய சக ஜீவன்களே, நம் தலைவலி உங்களுக்குத் தெரியும்: வீட்டில் ஒரே ஓர் ஆள் விட்டுப்போனாலும் அந்த வீட்டுக் கேள்விப் பாரமே, அதாவது படிவமே, செல்லாது. இந்த முறை மாசாயில் ஒரு தாமான் குடியிருப்பு. போதுமான பாரங்கள் தேறினால்தான் அங்கே பஸ் விடுவதைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ, பஸ் வந்தே தீரணும் என்று ஒரு வெறி!

உடம்பு சரியில்லாதவன்

தொழிற்சாலைப் பையன்கள் மூன்று பேர் தங்கியிருக்கிற ஃபிளாட். ஒருவன் இல்லை. நேற்று அவனுக்கு உடம்பு சரியில்லை, எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எடுத்தான், கிளினிக் போனான், நேரே வந்து படுத்துவிட்டான் என்று மற்ற இருவரும் ஒப்பித்தார்கள். எனக்குச் சந்தேகம். நம்பரை வாங்கி அடித்தேன். நேற்று விடிந்ததுமே பொந்தியான் போய், நாள் முழுக்க மீன் பிடித்தானாம்! பெருமையாக வேறு சொன்னான். நான் முறைத்ததும் ஒருவன் தலையைச் சொறிந்தான்.

"சூப்பர்வைசர் கேட்டா சொல்றதுக்கு வச்சிருந்தோம்கா, உங்ககிட்ட சொல்லிட்டோம்."

பாலத்தில் பேட்டி

அடுத்த வரிசையில் ஓர் அக்கா. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. எப்போது கிளம்பினார், எத்தனை பஸ் மாறினார், எதுவும் தெரியாது. போவார், வருவார், அவ்வளவுதான். போன் போட்டுக் கொடுத்தார். எல்லைப் பாலத்து நெரிசலில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டிருந்த மனிதர் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். எல்லாக் கட்டமும் நிரம்பியது! ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வீட்டுப் பாரம் இருந்தாலும் கொண்டாங்க, இந்த பஸ் இப்போதைக்கு நகராது."

யாரும் இல்லாத வீடு

கடைசி நாள். இன்னும் ஒரே ஒரு வீடு தேறினால் போதும். மூலை வீட்டு சரோஜா அக்கா கேட்டைத் திறந்து, வீட்டில் யாரும் இல்லை என்றார். விடுவேனா? கணவரும் இரண்டு மகன்களும் எத்தனை மணிக்கு, எந்த வழியாக வேலைக்குப் போனார்கள் என்று அக்கா மனப்பாடமாகச் சொன்னார். குதிக்காத குறையாகப் பாரத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். மேலதிகாரி உடனே அழைத்து, இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னது யார், அவர் பெயர் எங்கே என்றார்.

அலமாக்! எதிரில் நின்றவரையே விட்டிருக்கிறேன். திரும்பி ஓடினேன். நான் எங்கே போகிறேன், வீட்டில்தானே இருக்கிறேன் என்றார் அக்கா. தோண்டினேன். மார்க்கெட், கிளினிக், மருந்துக்கடை, கோயில், சாயங்காலம் மறுபடி கடை. எல்லாம் நடை! ஆண்களுக்கு ஆளுக்கு இரண்டே பயணம்; அக்காவுக்கு ஒரு பக்கம் போதவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பஸ் வந்தால் வீட்டில் யார் யார் ஏறுவீர்கள் என்பது கடைசிக் கேள்வி.

"அவங்க மூணு பேருக்கும் மோட்டார் சைக்கிள் இருக்கு. ஏறுனா நான் ஒருத்திதாம்மா ஏறணும்."

வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறதே, முதலில் அந்த ஆளின் பெயரை எழுதிவிட்டு மற்றவர்களைத் தேடுங்கள்.