கடைப் பக்கம் போகாத சைக்கிள்

சைக்கிளில் வேலைக்குப் போனால் உடம்புக்கு நல்லது என்று மில்லில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தொப்பை கரையும், மூச்சு சீராகும், படுத்ததும் தூக்கம் வரும், பெட்ரோல் செலவு கிடையாது. எல்லாம் உண்மைதான். ஆனால் நான் சைக்கிள் மிதித்ததற்கு இதில் ஒன்றுகூடக் காரணமில்லை. சைக்கிள் என்றால் ஏரிக்கரை மேலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். ஏரிக்கரையில் ஒயின்ஷாப் கிடையாது. அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் மூட்டை தைக்கிறேன். வீடு மேற்கே, கல்வராயன் மலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். பஸ்ஸில் வந்தால் ரோடு பிரிகிற கைகாட்டியில் இறங்க வேண்டும். இறங்கினால் எதிரே கடை. பைக்கில் வந்தாலும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். என் வண்டி ஒருநாளும் தாண்டியதில்லை. திருப்பியது என் கைதான், வண்டி மேல் பழி போட்டு என்ன பிரயோஜனம்?

"இனிமே ஒரே ஒரு நாளு குடிச்சிட்டு வா. புள்ளைய தூக்கிக்கினு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடறேன். அப்புறம் யாரு வந்து கூப்ட்டாலும் வரமாட்டேன்" என்றாள் என் மனைவி. அவள் கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். மணலூர்பேட்டையிலிருந்து அவள் அண்ணன் வந்தார். என் பைக்கை எடுத்துக்கொண்டு, தன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை விட்டுவிட்டுப் போனார்.

குடியை விடுவது எப்படி இருக்கும் என்று விடாதவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சாயங்காலம் ஆனால் நாக்கு வறண்டுவிடும். தையல் கோணல்மாணலாகப் போகும். மேஸ்திரி திட்டுவார். வேலை முடிந்ததும் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி சைக்கிளை மிதிப்பேன். ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது. பல நாள் அழுதுகொண்டே மிதித்திருக்கிறேன். வீடு வந்து சேரும்போது உடம்பு துவண்டு, இனி எழுந்து எங்கேயும் போக முடியாது என்று ஆகியிருக்கும். அந்த அலுப்பைத்தான் நம்பியிருந்தேன்.

மில்லில் யாரிடமும் குடியை விட்டதைச் சொல்லவில்லை. சொன்னால் 'சாமியாராயிட்டாருடா' என்பார்கள். ஊற்றிக்கொடுத்துப் பார்க்கும்வரை அவர்களுக்குத் தூக்கம் வராது. அதனால் சக்கரை வந்துவிட்டது, டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் என்று புளுகினேன். சக்கரைக்காரனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. எனக்கு மட்டும் இனிப்பில்லாத டீ வந்தது. அந்தக் கருமத்தையும் குடித்தேன்.

ஆடி பிறந்தது. மலையிலிருந்து இறங்குகிற காற்று முகத்தில் அறைந்தது. கரை மேல் ஏறினால் சைக்கிளோடு ஏரிக்குள் தள்ளிவிடும். வேறு வழியில்லாமல் ரோட்டைப் பிடித்தேன்.

கொஞ்ச தூரம் போயிருப்பேன். சைக்கிள் திடீரென்று லேசாக ஓடியது. திரும்பினால், மில்லில் மூட்டை தூக்குகிற பையன் பைக்கில் வந்து என் கேரியரில் கால் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். எங்கள் ரோட்டில் இது சாதாரணம். பெட்ரோல் தீர்ந்து எவனாவது நின்றால், முன்பின் தெரியாதவன்கூடக் காலை நீட்டி பங்க் வரைக்கும் தள்ளிவிட்டுப் போவான். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம்.

"சக்கரக்காரன காத்துல மிதிக்க வுட்டா பாவம்ண்ணா" என்றான்.

சுகமாகத்தான் இருந்தது. கால் ஓய்ந்து உட்கார்ந்திருந்தேன். கைகாட்டி தெரிந்ததும்தான் எங்கே போகிறோம் என்று உறைத்தது. "போதும் வுட்றா, நான் போய்க்கிறேன்" என்றேன்.

"சும்மா குந்துண்ணா. ஒரு கட்டிங் போட்டுட்டுப் போவலாம். சக்கரைக்கு பிராந்தி ஒண்ணும் பண்ணாது. எங்க பெரிப்பா குடிச்சிக்கினுதான இருக்காரு?"

அவன் காலை எடுக்கவில்லை. கடை வாசலில் மீன் வறுக்கிற வாசனை வந்தது. தள்ளுகிறவன் அவன், நான் என்ன செய்ய முடியும் என்று மனசு சாக்குத் தேடியது. நாக்கில் எச்சில் ஊறியது. சத்தியமாகச் சொல்கிறேன், போய்விடத்தான் பார்த்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன்.

சைக்கிள் குறுக்கே விழ, அதன் மேல் அவன் பைக் ஏறியது. என் முட்டி கிழிந்தது. முன்சக்கரம் வளைந்துபோனது.

"இன்னாண்ணா, சாவடிக்கப் பாத்தியா?"

"எனக்குச் சக்கரையே இல்லடா. குடிய வுட்டுட்டேன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?" என்று சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தான்.

முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தேன். எனக்கு முன்னால் செய்தி ஊருக்குப் போய்விட்டது. கைகாட்டியில் பார்த்த எவனோ என் மனைவியிடம், "ஒன் வூட்டுக்காரன் கடை வாசல்ல வுழுந்து கெடக்கிறான்" என்று சொல்லியிருக்கிறான். அதில் பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

நான் போகும்போது பிள்ளையின் துணியெல்லாம் பைக்குள் இருந்தது. குடிக்கவில்லை என்றேன்.

"இதே மாதிரி ரத்தத்தோட வந்து, இதயே எத்தினி வாட்டி சொல்லிக்கீற?"

சொல்லியிருக்கிறேன். "மோந்து பாரு, ஒரு தடவ மோந்து பாரு" என்று கும்பிட்டேன். அவள் கிட்டே வந்தாள். ஊதச் சொன்னாள். தாடையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஊதச் சொன்னாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அண்ணனுக்கு போன் பண்ணிட்டேனே. வந்துகினு இருக்காரு."

தெருவில் என் பைக்கின் சத்தம் எனக்குத் தெரியாதா? மச்சான் உள்ளே வந்தார். முட்டியைப் பார்த்தார், பையை எடுத்தார். "கெளம்பும்மா."

"குடிக்கலண்ணா" என்றாள் அவள்.

"நீ இன்னும் இவன நம்பறியா?"

"நம்ப வேணாம். நீயே மோந்து பாரு."

கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டுக் கைபிடித்து அழைத்துப்போன மனிதர். பையைக் கீழே வைக்காமல், பக்கத்திலும் வராமல் நின்றார். நானே போனேன். தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தேன்.